நிலுவையில் இருக்கும் பாட்டுகள்

அரசியலில் மனம் விட்டுப்போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வைத்தியம் உண்டு. என் தாய்மாமன் ஒருவர் தேர்தல் முடிவு வந்த மறுநாள் திருப்பதிக்கு பஸ் ஏறிவிடுவார். அவருடைய கட்சி ஜெயித்தாலும் மொட்டை, தோற்றாலும் மொட்டை. என்னோடு வேலை பார்த்த தலைமை எழுத்தர் ஒருவர் பதினைந்து நாள் செய்தித்தாளை நிறுத்திவிடுவார். பேப்பர் பையனுக்குத்தான் நஷ்டம். நான் பாட்டு சேர்ப்பேன். இந்த எழுபத்தைந்து வயதுக்குள் மூன்று முறை சேர்த்திருக்கிறேன். முதல் இரண்டு முறை கேசட்டில், மூன்றாவது முறை பென் டிரைவில்.

அது ஏன் பாட்டாகப் போயிற்று என்றால், பேச வழி இல்லாததால்தான். புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்த எங்களுக்கு மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் பொருந்தும். அதில் 5-ஆவது விதி அரசியலைப் பற்றியது. அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, எந்தக் கட்சிக்கும் உதவி செய்யக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. ஓட்டு போடலாம். ஆனால் யாருக்குப் போட்டோம், யாருக்குப் போடப்போகிறோம் என்பதை வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த விதியோடு குடும்பம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. இந்தக் கட்டுரையிலும் என் ஓட்டு யாருக்கு என்று தேட வேண்டாம், கிடைக்காது.

பாட்டுக்கு அந்த விதி இல்லை. ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன பாட்டு கேட்கிறான் என்பதைக் கேட்டு எந்த அதிகாரியும் மெமோ கொடுக்க முடியாது. இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்.எஸ். விசுவநாததாஸ் நாடக மேடையில் முருகன் வேஷம் கட்டிக்கொண்டு, வள்ளியின் தினைப்புனத்தில் நின்று, வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார். கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போலீசுக்கும் தெரியும். பல முறை கைது செய்தார்கள். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில், மேடையிலேயே மயில்மேல் அமர்ந்த கோலத்தில் அவர் உயிர் போயிற்று. சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை. நேரடியாகச் சொல்ல முடியாததைப் பாட்டில் வைத்துச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம்தான்.

முதல் கேசட் 1979-இல். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஆபீசில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டீக்கடையில் பெஞ்சில் உட்காருகிறவன் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை விரிப்பான். 1976-இல் கிஷோர் குமார் பாட்டை ஆல் இந்தியா ரேடியோவில் நிறுத்திவிட்டார்கள், அரசாங்கத்தின் பிரசாரத்துக்குப் பாட மறுத்தார் என்பதற்காக. எனக்கு இந்தி தெரியாது. ஆனாலும் ஒரு பாட்டுக்காரனைப் பார்த்து அரசாங்கம் பயப்படுகிறது என்ற செய்தி மனதில் தங்கிவிட்டது.

1977 மார்ச்சில் தேர்தல் முடிவு வந்து நெருக்கடி நிலை விலகியபோது எனக்கு இருபத்தேழு வயது. இனி இந்த நாட்டுக்கு ஒரு குறையும் வராது என்றே நம்பினேன். அந்த நம்பிக்கை இரண்டே கால் வருஷம் ஓடியது. நடுவில் 1979 ஜனவரியில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு பிரதமர் மொரார்ஜி தேசாய் வாயிலிருந்தே வந்து, எங்கள் ஊர் பற்றி எரிந்தது. ஜூலையில் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. சிறையில் ஒன்றாக இருந்தவர்கள் வெளியே வந்து நாற்காலிக்காக அடித்துக்கொண்டதைப் பார்த்த வருத்தம், எதிரியிடம் தோற்ற வருத்தத்தைவிடப் பெரிது.

அந்த வருஷம்தான் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த என் பெரியப்பா மகன் விடுமுறையில் வந்து ஒரு டேப் ரெக்கார்டரை விட்டுவிட்டுப் போனான். அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் ஊரான மரக்காணத்துக்கு வந்துவிட்டேன். காரணம் இலங்கை வானொலி. கடற்கரையில் அது தெள்ளத் தெளிவாகக் கேட்கும். ரேடியோவுக்கு எதிரில் டேப் ரெக்கார்டரை வைத்து, பாட்டு தொடங்கும்போது இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். முதல் நான்கு வார்த்தை போய்விடும். அறுபது நிமிஷக் கேசட். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஏழெட்டுப் பாட்டு. எது வரும் என்பது நம் கையில் இல்லை. காத்திருந்துதான் பிடிக்க வேண்டும். அந்த ஒரு கேசட் நிரம்ப எனக்கு மூன்று மாதம், சனி ஞாயிறெல்லாம் ஆனது. நிரம்பி முடிந்தபோது டெல்லியில் யார் பிரதமர் என்ற கவலை பாதி குறைந்திருந்தது.

அந்தக் கேசட் இப்போது ஓடாது. உப்புக் காற்றில் இரும்பே நிற்பதில்லை, நாடா எப்படி நிற்கும்? பூஞ்சை பிடித்துவிட்டது. என் பேரன் எதையோ செய்து சில நிமிஷங்களை மட்டும் மீட்டுக் கொடுத்தான். பாட்டு எல்லாம் தண்ணீருக்கு அடியில் பாடுவது போல் இருக்கிறது. இரண்டு பாட்டுக்கு நடுவில், அடுப்பங்கரையிலிருந்து "இட்டிலி ஆறுதுடா" என்று அம்மா கூப்பிடுவது மட்டும் சுத்தமாகக் கேட்கிறது.

இரண்டாவது கேசட் 1990 நவம்பரில். வி.பி. சிங் ஆட்சி பதினோரு மாதத்தில் முடிந்தபோது. மண்டல் குழு அறிக்கை, காவிரி நடுவர் மன்றம், இலங்கையிலிருந்து அமைதிப்படை திரும்பியது, எல்லாம் அந்தப் பதினோரு மாதத்துக்குள். அவருக்குச் சென்னையில் சிலை வர 2023 ஆயிற்று. அப்போது ரேடியோ முன்னால் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊருக்கு ஊர் மியூசிக் சென்டர் இருந்தது. கோடு போட்ட தாளில் படத்தின் பெயர், பாடியவர் பெயர் எழுதிக் கொடுத்தால் மூன்று நாளில் பதிந்து கொடுப்பார்கள். கடைக்காரத் தம்பி என் பட்டியலைப் படித்துவிட்டு, "சார், இது கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?" என்று கேட்டான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று சொன்னேன்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏமாற்றத்துக்குப் பாட்டு சேர்க்கும்போது இரண்டு பள்ளங்களில் விழலாம். ஒன்று, வெற்றிப் பாட்டாகப் போட்டு வலியை மறப்பது. மேடையில் நாகூர் அனிபாவின் குரல் எழுந்தால் கூட்டம் எழும். ஆனால் அது கூட்டத்தை வரவழைக்கிற பாட்டு. கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் அதைக் கேட்டால் வலி கூடும். அதே அனிபா பாடிய இறைவனைப் பற்றிய பாட்டு அப்போது ஆறுதலாக இருக்கும், அது வேறு. இன்னொன்று, சோகப் பாட்டாகப் போட்டு அழுவது. அது இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் நம்மேல் நமக்கே இரக்கம் வந்துவிடும். அரசியல் ஏமாற்றம் காதல் தோல்வி இல்லை. நமக்கு மட்டும் நடந்தது என்று நினைத்தால் அதிலிருந்து எழுந்திருக்க முடியாது.

பிறகு எந்தப் பாட்டு? இதற்குப் பதிலை நான் கற்றது பள்ளிக்கூடத்தில். ஆனால் கற்றுக்கொண்டது தெரியவே பல வருஷம் ஆயிற்று.

நான் படித்தது முழுக்க பிரெஞ்சில். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். ஆனாலும் பிரெஞ்சுப் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன, இன்றும் ஒன்று நடக்கிறது. எங்கள் முசே ஒருவர் வாரம் ஒரு முறை பாட்டு சொல்லிக்கொடுப்பார். அதில் ஒன்று செரிப் பழக் காலத்தைப் பற்றியது. 'லெ தாம் தெ செரீஸ்' என்று பெயர். வகுப்பில் ஒருவனும் செரிப் பழத்தைக் கண்டதில்லை. சிவப்பாக இருக்கும் என்றார். களாப்பழம் போல இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பழம் பறிக்கும் காலம் சுருக்கம், அதில் வந்த காதலும் சுருக்கம், நினைவு மட்டும் நீளம். அவ்வளவுதான் பாட்டு. அரசியல் வாசனையே கிடையாது.

அதை எழுதியவர் ழான் பத்தீஸ்த் கிளெமான். எழுதியது 1866-இல். ஐந்து வருஷம் கழித்து, 1871-இல், பாரிஸ் நகரத்து ஏழைகளும் தொழிலாளிகளும் நகரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு மார்ச் 18 முதல் மே 28 வரை 72 நாள் ஆண்டார்கள். பாரிஸ் கம்யூன் என்பது அதுதான். கிளெமானும் அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். கடைசி வாரத்தில் ராணுவம் நுழைந்து தெருத் தெருவாகச் சுட்டுத் தீர்த்தது. கிளெமான் தப்பி லண்டனுக்குப் போனார். 1880-இல் பொதுமன்னிப்பு வந்த பிறகே திரும்ப முடிந்தது. பிறகு அந்தப் பழைய காதல் பாட்டை, கடைசித் தடுப்பரண் ஒன்றில் காயம்பட்டவர்களுக்கு உதவ வந்த லூயீஸ் என்ற பெண்ணுக்குக் காணிக்கையாக்கினார். அன்று முதல் அது தோற்றவர்களின் பாட்டாகிவிட்டது. 1996 ஜனவரியில் மித்தெரான் இறந்தபோது பாஸ்தீய் சதுக்கத்தில் மழையில் நின்ற கூட்டத்துக்கு முன் பார்பரா ஹென்ட்ரிக்ஸ் பாடியதும் அதைத்தான். தோல்விக்கு முன்னால் பிறந்து, தோல்வியைத் தாண்டி வந்த பாட்டு. அப்படிப்பட்ட பாட்டுதான் நமக்கு வேண்டும் என்று புரிந்தது.

அதைப் புரிந்துகொண்டு சேர்த்தது இந்த மூன்றாவது தொகுப்பு. எந்தத் தேர்தலுக்குப் பிறகு என்று சொல்லாமல் விடுகிறேன். தோற்ற கட்சியைப் பற்றிய வருத்தம் இல்லை இந்த முறை. ஓட்டுக்குப் பணம் எங்கள் தெருவுக்கு வந்தது. வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு, பால்காரர் கணக்கு போல, ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கட்சிக்காரர் முடித்ததும் இன்னொரு கட்சிக்காரர். என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, பென்ஷன்காரன் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. வாங்கியவர்களில் நான் மதிக்கிற மனிதர்கள் இருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஓர் அம்மா உப்பளத்து வேலைக்குப் போகிறவர். ஐம்பது வயது தாண்டியவர், கறாரான மனுஷி. கைமாற்று வாங்கினால் சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரிடமே கேட்டேன்: "ஏம்மா, நீகூட வாங்கலாமா?"

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு மாசா மாசம் ஒண்ணாந்தேதி வருது சார். எங்களுக்கு மழ வந்துட்டா மூணு மாசம் அடுப்பு எரியாது. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வூடு தேடி வந்து குடுக்கறாங்க. அதுக்கப்புறம் நாங்க தேடிப் போனாலும் கெடைக்க மாட்டாங்க. வாங்கிக்கறோம். ஓட்டு யாருக்குன்னு எங்களுக்குத் தெரியும் சார்."

அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உப்பளத்து வேலை எப்படி என்று இந்தக் கடற்கரையில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை விட்ட பிறகு பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி, உவர்நீரைக் கட்டி, வெயில் காயக் காயக் காத்திருந்து வார வேண்டும். விடியுமுன் போனால்தான் வெயில் ஏறுமுன் கரையேறலாம். வெள்ளைப் பரப்பில் வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கும். நடுவில் ஒரு கோடை மழை போதும், பாத்தியில் இருந்ததெல்லாம் கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே கிடையாது. சில வருஷங்களாக மாநில அரசு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. மூன்று மாதத்துக்கு அது எத்தனை நாள் அரிசி என்று கணக்குப் போட்டாலும் நியாயம் இல்லைதான்.

அன்று இரவு தூக்கம் வராமல் பழைய நோட்டை எடுத்தேன். ஆபீசில் எனக்கு மிகவும் பழக்கமான இரண்டு சொற்கள் உண்டு: நிலுவை, பைசல். வந்த கோப்பு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் பைசல் ஆயிற்று என்று பதிவேட்டில் இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் நிலுவை. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். அதே மாதிரி பாட்டுகளுக்குக் கோடு போட்டேன். பாட்டு வந்த ஆண்டு ஒரு கட்டத்தில். அந்தப் பாட்டு கேட்டது கிடைத்த ஆண்டு இன்னொரு கட்டத்தில்.

முதல் பாட்டு நம் உப்புப் பாட்டு. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். கூடப் போனவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அந்த நடைக்கென்று நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள். தங்க இடம் கொடுத்தாலும் சோறு போட்டாலும் ஜெயில் என்று கலெக்டர் மிரட்டியும் வழி நெடுக ஜனங்கள் சோறு போட்டார்கள். ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பை அள்ளிக் கைதானார்கள். சரி, உப்பு வரி போயிற்றா? போகவில்லை. 1931 மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தம் வந்தது. கடலோரத்துக்காரர்கள் வீட்டுச் செலவுக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றது. வரி அப்படியே இருந்தது. அடிபட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? அவர்கள் என்னைவிடப் பெரிய ஏமாற்றத்தைத் தாங்கியவர்கள். வரி ஒழிந்தது 1947-இல். என் பதிவேட்டில் எழுதினேன்: வந்தது 1930, பைசல் 1947. பதினேழு வருஷ நிலுவை.

இரண்டாவது பாரதியார் பாட்டு. சுதந்திரம் வந்தே விட்டது என்று கூத்தாடும் பாட்டு. அவர் எங்கள் புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் அடைக்கலம் இருந்தார். வெளியே காலை வைத்ததும் கடலூரில் பிடித்துவிட்டார்கள். 1921-இல் போய்விட்டார். வராத ஒன்றை வந்துவிட்டதாக நினைத்துப் பாடிவிட்டுப் போனவர். 1947 ஆகஸ்டில் அதே பாட்டை டி.கே. பட்டம்மாள் சென்னை வானொலியில் பாடினார். ஊரெல்லாம் கேட்டது, எழுதியவர் மட்டும் இல்லை. இதுவும் பைசல்.

மூன்றாவது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இவரைப் பற்றி ஒரு சங்கதி. அவர் பிறந்த தேதி 1930 ஏப்ரல் 13. உப்புக்காக நடக்கத் தொடங்கிய அதே நாள். பாட்டெழுத வருமுன் அவர் செய்த தொழில்கள் பதினேழு என்று பட்டியல் போடுவார்கள். மாடு மேய்த்தது, மாம்பழம் விற்றது, மீன் பிடித்தது என்று போகும் அந்தப் பட்டியலில் உப்பளத் தொழிலாளி என்பதும் ஒன்று. புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து பயின்றவர். 1959 அக்டோபரில், இருபத்தொன்பது வயதில் போய்விட்டார். 'நாடோடி மன்னன்' படத்தில் உழைக்கிறவனுக்கு என்ன மிச்சம் என்று அவள் கேட்க, அவன் பதில் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. அதை வைத்தேன். அவர் இறந்த பிறகு 1961-இல் வந்த 'அரசிளங்குமரி'யில் சின்னப் பையனுக்குப் புத்தி சொல்லும் பாட்டையும் வைத்தேன். இரண்டாவது கட்டம் காலி.

நான்காவது கண்ணதாசன். அரசியலில் மனம் உடைந்தவர்களுக்கு அவர்தான் குலதெய்வம். 1961-இல் தி.மு.க.விலிருந்து ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறினார். புதுக் கட்சி கண்டு, அது பிறகு காங்கிரசில் கரைந்தது. பழைய வருஷங்களின் கசப்பை 'வனவாசம்' என்று புத்தகமாகவே எழுதினார். 'பழநி' படத்தில் உறவுகளைப் பற்றி அவர் எழுதிய பாட்டு 1965-இல் வந்தபோது, இது அண்ணாவை நினைத்து எழுதியது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, சொந்த அண்ணன் பணம் கொடுக்காத கோபம் என்று சிலர் சொன்னார்கள். பாட்டு இரண்டு சண்டையையும் தாண்டி வந்துவிட்டது. இன்று சொத்துத் தகராறில் இருக்கும் எவனும் அதைத் தன் பாட்டு என்றே நினைக்கிறான். இதற்கு நிலுவையும் இல்லை, பைசலும் இல்லை. தினம் தினம் புதிதாக வரும் தபால் அது.

ஐந்தாவது, இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடியது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டவர்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அதற்குப் பிறகு வந்த பாட்டு, நாங்களும் மனுஷர்கள்தான் என்று சொல்கிற பாட்டு. குணசேகரன் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் வந்தவர். பாடியவர் 2016 ஜனவரியில் போனார், எழுதியவர் அதே வருஷம் டிசம்பரில். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டபோது கை கொஞ்சம் நின்றது.

ஆறாவது செரிப் பழப் பாட்டு, ஈவ் மொந்தான் குரலில். அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு இழுத்துவிட்டேன். இன்னும் சில பாட்டுகளும் உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் பாட்டுப் புத்தகமாகிவிடும்.

கோடு போட்டு முடித்தபோது மணி இரண்டு. பட்டியலைப் பார்த்தேன். பைசல் ஆனவை குறைவு, ஆனால் ஆகியிருக்கின்றன. எதுவும் ஐந்து வருஷத்தில் ஆகவில்லை. பதினேழு வருஷம், இருபத்தாறு வருஷம். நம்முடைய கணக்கு ஒரு தேர்தலிலிருந்து இன்னொரு தேர்தல் வரைதான். அதற்குள் வராவிட்டால் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடுகிறோம். பாட்டு அப்படி உட்காருவதில்லை. கோப்பு போல ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு, ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நிலுவை என்றால் தள்ளுபடி இல்லை. முப்பது வருஷம் அந்தச் சொல்லை எழுதியவன் நான், எனக்குத் தெரியும். நிலுவையில் இருக்கும் கோப்பை யாரும் மூட முடியாது.

ஓட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் மேல் கோபம் போகவில்லை, போகவும் கூடாது. வாங்கியவர்கள் மேல் இருந்த வருத்தம்தான் இடம் மாறிவிட்டது. அந்த அம்மாவின் மூன்று மாத மழைக்காலம் என் பட்டியலில் நிலுவை. அது பைசல் ஆகும்வரை அவருடைய ஓட்டைப் பற்றி நான் பாடம் நடத்த முடியாது, அவ்வளவுதான்.

பேரன் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். மூன்று மாதம் ரேடியோ முன்னால் காத்திருந்ததை அவன் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டான். சாயங்காலம் கடல் காற்று திரும்பும் நேரத்தில் திண்ணையில் சின்ன ஸ்பீக்கரை வைத்துப் போடுவேன். ஒரு நாள் பட்டுக்கோட்டையார் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வேலை முடிந்து வந்தார். நின்று முழுதும் கேட்டார். இதை எழுதினவர் உப்பளத்தில் வேலை செய்தவரம்மா என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்பல்லாம் கூலி எவ்ளோ சார்?" என்று கேட்டார்.

பாட்டைப் பற்றி நான் எத்தனையோ வருஷமாகப் பேசுகிறேன், இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அவருடைய மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பாட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனான். திண்டிவனம் ரோட்டில் உப்பு மூட்டைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இப்போது நாமக்கல் கவிஞரைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். பிரெஞ்சுப் பாட்டு வந்தால் மட்டும் அவன் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறானாம்.